சுடாத கால்

"இதுக்குள்ள மருந்து எங்க பிள்ளை இரிக்கி?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

றொசானியின் விரல்களுக்கிடையில் இருந்த ஊசி தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. "மருந்து இல்ல ஐயா. வெறும் ஊசிதான்" என்றாள் அவள். மருந்தில்லாத ஊசிக்காகவா என்னை வாவி கடத்திக் கொண்டுவந்தாய் என்று கேட்பதுபோல் அவர் மகள் யசோதினியைத் திரும்பிப் பார்த்தார். யசோதினி கண்டும் காணாதவளாய்ச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தில் உடம்பெல்லாம் புள்ளி குத்திய ஒரு மனிதன் இருந்தான். படுவான்கரையிலிருந்து அப்பாவைப் பாதையில் ஏற்றித் தேற்றாத்தீவுக்குக் கொண்டுவந்து, றொசானியின் இந்த அக்குபங்சர் கட்டிலில் படுக்கவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்டுக்குட்டியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான இரும்பு மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். அதில் நின்ற நேரம் முழுவதும் வினாயகமூர்த்தி உலகத்திலுள்ள வைத்தியர்களையெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அவருக்கு வைத்தியம் என்றாலே ஆகாது. சில வருடங்களுக்கு முன் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, நீரிழிவு, சீனி வருத்தம் என்று சொல்லி, ஒரு அட்டையும் பை நிறையக் குளிசையும் கொடுத்தார்கள். குளிசை தலையைச் சுற்றுகிறது என்று சீக்கிரமே விட்டுவிட்டார். பதிலுக்குப் பாகற்காய் தின்றார். பாகற்காயின் கைப்புப் போகச் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தார். சீனி வருத்தம் தன்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டது என்று வயல் வட்டையில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அப்போது யசோதினி கரடியனாற்றில் புருஷனோடு இருந்தாள். அவன் கட்டாருக்குப் போனபின் பிள்ளைகளோடு அப்பாவிடம் வந்துவிட்டாலும், அந்த அட்டையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் றொசானி, "சீனி, பிறசர் ஏதும் இருக்கா ஐயா?" என்று கேட்டபோது அவர் "ஒண்டும் இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அப்படியே எடுபட்டது. அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

அவரை அங்கே கொண்டுவந்தது வலது முழங்கால். தேய்மானம் என்றார்கள். வலிக் குளிசை போட்டால் வயிறு எரிந்தது, போடாவிட்டால் வரம்பில் இரண்டு எட்டு வைக்க உயிர் போனது. வேறெந்த வலியாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் வைகாசி வருகிறது. வைகாசியில் மாரியம்மன் கோயில் தீமிதிப்பு. ஊரில் முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவர் அவர்தான். முழங்கால் மடங்காமல் எப்படி இறங்குவது?

றொசானி முழங்காலுக்குக் கீழே ஊசியை இறக்கினாள். குத்தியதே தெரியவில்லை. அதை அவள் மெல்லத் திருகியபோது உள்ளே ஏதோ கனத்தது.

"ஆ! உள்ளுக்க ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

"அந்தக் கனம்தான் வேணும் ஐயா. அது வந்தாத்தான் ஊசி சரியான இடத்தில நிக்குது" என்றாள் றொசானி.

அன்று வீட்டுக்கு வந்து பாயில் காலை நீட்டியபோது வலி கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். நாலைந்து தடவை போய்வந்ததும் மனிதர் வரம்பிலே கையை வீசிக்கொண்டு நடந்தார். வைத்தியர்களைத் திட்டிய அதே வாயால் தேத்தண்ணிக் கடையில் றொசானியைப் புகழ்ந்தார். "மருந்து குடுத்து மாத்திறது ஆருக்கும் ஏலும். அந்தப் பிள்ளை மருந்தில்லாம மாத்துது" என்றார். அதற்குப் பிறகு கட்டிலில் படுத்து ஊசியோடு இருக்கும் நேரங்களில் அவளிடம் ஊர்க்கதையெல்லாம் சொன்னார். நெருப்பின் கதையைச் சொன்னதும் அப்படித்தான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் கலைந்து, காட்டோரம் ஒளிந்து கிடந்தபோது யசோதினிக்கு மூன்று வயது. காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் மேலே செருகிவிட்டது. ஆசுப்பத்திரிக்குப் போக வழியில்லை. அதையும் மீறிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்று, "இவளைத் தா தாயே. உசிருள்ள வரைக்கும் வருசா வருசம் உன்ட நெருப்பில இறங்குறன்" என்று நேர்ந்தார். விடியும்போது பிள்ளையின் உடம்பு வியர்த்திருந்தது. தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பிலிருந்து ஏறிவருகிறவரைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். பூவில் நடந்த மாதிரி என்றுதான் பதில் வரும். வேறு பதில் கிடையாது. சுட்டது என்றால் விரதத்தில் குறை, மனதில் அழுக்கு, அம்மன் ஏற்கவில்லை என்று பொருள். சுட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வினாயகமூர்த்திக்கும் சுட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடமும் சுட்டது. ஒவ்வொரு வருடமும் பூவில் நடந்த மாதிரி என்றார். அவருடைய கொப்புளங்களை மனைவி ஆச்சிப்பிள்ளை மட்டும்தான் கண்டாள். கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் எண்ணெய் பூசிவிடுவாள்.

ஆச்சிப்பிள்ளை இறந்த அடுத்த வருடம் அவர் நெருப்பில் இறங்கினார். சுடவில்லை. உண்மையாகவே சுடவில்லை. எண்ணெய் பூச ஆளில்லை என்று அம்மனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் மூலஸ்தானத்தின் முன் விழுந்து சிறு பிள்ளை போல் அழுதார். தன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இல்லை என்று றொசானியிடம் சொன்னார். அன்று முதல் அவர் முதல் ஆள். தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அந்தக் காலடியில் கிடத்தினார்கள். சுடாத கால் என்று ஊரே சொன்னது.

றொசானி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு ஊசியை இறக்கினாள். முழங்கால் வலிக்கு அந்த இடத்திலும் போடுவதுண்டு.

"என்ன தெரியுது ஐயா?"

"ஒண்டும் இல்ல."

அவள் திருகினாள். "இப்ப?"

"ஒண்டும் இல்லயே. அது நெருப்பே தெரியாத கால் பிள்ளை. ஊசி தெரியுமா?" அவர் பெருமையோடு சிரித்தார்.

றொசானி சிரிக்கவில்லை. ஊசியைக் கழற்றிவிட்டு, "கண்ணை மூடுங்க. நான் தொடுற நேரம் தொட்டாய் எண்டு சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணை மூடினார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே ஒரு பஸ் கல்முனைப் பக்கம் போனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொடன் பிள்ளை" என்றார்.

"அப்பா, அவ எத்தனை தரம் தொட்டுட்டா" என்றாள் பக்கத்தில் நின்ற யசோதினி.

பிறகு றொசானி அந்தக் காலை உயர்த்தி உள்ளங்காலைப் பார்த்தாள். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்கும், முகம் அப்படிக் கறுத்தது. ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் பார்க்கும்படி பிடித்தாள். தன் உள்ளங்காலை அவர் எத்தனை வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறாரோ தெரியாது. பெருவிரலின் அடியில் பெரிய ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் வெளிறிய தோல். குழிக்குள்ளே கறுப்பாய் ஒரு முறிந்த முள். அதைக் காலுக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் இவ்வளவு நாளும் கையை வீசி நடந்திருக்கிறார். அந்தக் குழியிலிருந்து வந்த மணத்தை யசோதினி இவ்வளவு நாளும் வயல் சேற்றின் மணம் என்று நினைத்திருந்தாள்.

"ஐயா, உங்கட ஆச்சிப்பிள்ளை கண்ணை மூடின வருசம் எது?" என்று றொசானி கேட்டாள். அவர் சொன்னார். "சீனி இருக்கெண்டு எப்பயாச்சும் ஆரும் சொன்னவங்களா?"

அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இப்போது பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அதே வருசந்தான். அவட ஆண்டுத் திவசத்துக்கு முதல்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருடைய காதில் விழுந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். றொசானியின் கழுத்தில் கிடந்த மாதா சுரூபம் அப்போதுதான் அவருக்குக் கண்ணில் பட்டதுபோல் அதைக் காட்டினார்.

"நீ வேதக்காறப் பிள்ளை. எங்கட அம்மனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"அம்மனைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லல்ல ஐயா. காலைப் பற்றித்தான் கதைக்கிறன். சீனியால நரம்பு செத்திருக்கு. புண் ஆழமாப் போயிருக்கு. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்க."

ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்தார்கள், முள்ளை எடுத்தார்கள். சத்திர சிகிச்சை டொக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கிருமி எலும்பில் இறங்கிவிட்டது. இப்போதே வார்ட்டில் நின்றால் பெருவிரலோடு போகும். தள்ளிப்போட்டால் பாதம், இன்னும் தள்ளினால் முழங்காலுக்குக் கீழே. நெருப்புக் கதையை யசோதினி சொன்னதும் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "இந்தக் காலை நெருப்பில வச்சா, மறுகா என்னட்டக் கொண்டுவரத் தேவையில்ல" என்றார்.

வினாயகமூர்த்தி வார்ட்டில் நிற்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு, குளிசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். யசோதினி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பிள்ளைகளை அனுப்பி அம்மப்பாவிடம் கெஞ்ச வைத்தாள். "தீ முடியட்டும்" என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

தீமிதிப்புச் சடங்கு தொடங்கக் கோயில் கதவு திறக்கும் நாளுக்கு முன்னர் ஒரு காலையில் அவர் மட்டும் தனியாகப் பாதை ஏறி றொசானியிடம் போனார். கட்டிலில் ஏறவில்லை. வாசலிலேயே நின்றார்.

"முழங்காலை நல்லாக்கினாய். இதையும் நல்லாக்கு பிள்ளை. எத்தனை ஊசி எண்டாலும் குத்து."

"இதுக்கு ஊசி காணாது ஐயா. சீனியை மருந்துதான் இறக்கணும். புண்ணைக் கத்திதான் துப்புரவாக்கணும். அவங்க அதைச் செய்யக்குள்ள, உங்கட வலிக்கும் நித்திரைக்கும் நான் பக்கத்தில நிண்டு செய்வன். அவங்கட இடத்தில நிண்டு செய்ய என்னால ஏலா."

"அப்ப முழங்காலை ஏன் நல்லாக்கினாய்?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் அந்தப் பிள்ளை அடிவாங்கியதுபோல் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதைத்தான் நானும் என்னைக் கேக்கிறன். உங்களை நெருப்பு வரைக்கும் நடக்க வச்சது என்ட கைதானே" என்றாள். அவள் கண் கலங்கியதைக் கண்டதும் வினாயகமூர்த்தியின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. அவரும் உட்கார்ந்தார். அதுவரை யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னார்.

"காலுக்கு நான் பயமில்ல பிள்ளை. போனாப் போகட்டும். இவ்வளவு காலம் உழைச்ச கால்தானே. நான் இறங்காம விட்டா அம்மன் தந்ததைத் திருப்பிக் கேட்டா? மகளுக்கும் ரெண்டு பிள்ளை இரிக்கி. புருஷன் கடலுக்கு அங்கால. நான் விரலைக் காப்பாத்தப் போய் அவளுக்கு ஒண்டு நடந்தா, இந்தக் காலை வச்சு நான் எங்க நடக்கிற?"

"இதை மகளிட்டச் சொன்னீங்களா?"

"அவளிட்ட எப்படிச் சொல்லுற?"

அவர் திரும்பிப் பாதை ஏறுவதற்குள் அந்தப் பேச்சு அவருக்கு முன்னே வாவியைக் கடந்துவிட்டது. றொசானி தொலைபேசியில் யசோதினியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று பின்னேரம் வீட்டில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. யசோதினி மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மஞ்சள் அரைத்தாள். மகள் மனம் மாறித் தனக்கு விரதச் சாப்பாடு ஆயத்தம் செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்த அன்று காப்புக் கட்ட வரிசை நின்றது. முதல் ஆள் வழமைபோல வினாயகமூர்த்தி. காலுக்குக் கட்டுப் போட்டதை வேட்டி மறைத்திருந்தது. அவர் கையை நீட்டினார். பூசாரியார் மஞ்சள் தோய்த்த நூலை எடுத்தபோது, அவருடைய கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. தலை முழுகிய ஈரத்தோடு, மஞ்சள் பூசிய முகத்தோடு, யசோதினி நின்றாள்.

"இந்த நேர்த்தி எனக்காக வச்சது ஐயா. அப்பாக்குக் கால் ஏலா. நான் எடுக்கிறன்" என்றாள் பூசாரியாரிடம்.

"போ வீட்ட!" என்று வினாயகமூர்த்தி கத்தினார். கோயிலுக்குள் அவர் குரல் உயர்ந்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை. "உனக்கு என்ன விசரா? உன்ட காலை இதுக்குள்ள வைக்கவா நான் இவ்வளவு காலமும் இறங்கின?"

"எனக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதானே இறங்குறீங்க? நானே இறங்குறன். அப்ப நேர்த்தி முறியாது. நீங்க ஆசுப்பத்திரிக்குப் போங்க." அவள் கையை எடுக்கவில்லை. "உங்களுக்குக் காலில்லாமப் போனா, அதைப் பாத்துப் பாத்து நான் எப்படி உசிரோட இரிக்கிற அப்பா?"

பறை நின்றுவிட்டது. பூசாரியார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பேச்சுக் குறைந்த மனிதர். "நேர்ந்தது நீ. பிழைச்சது அவ. ரெண்டில ஆரு வந்தாலும் அம்மனுக்குக் கணக்குத்தான். ஆனா ரெண்டு பேருக்கும் கட்டமாட்டன்" என்றார்.

எல்லோரும் வினாயகமூர்த்தியின் கையைப் பார்த்தார்கள். அதை எடுக்க அவருக்கு நெடுநேரமானது. எடுத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். மகளின் மணிக்கட்டில் காப்பு ஏறியது. இவ்வளவு காலமும் அவளைக் காப்பாற்றியதாக நினைத்தவருக்கு, தன் கையாலேயே அவளை நெருப்பில் தள்ளியது போல் இருந்தது.

அன்றே அவரை வார்ட்டில் சேர்த்தார்கள். சேலைன் ஏறியது, இன்சுலின் போட்டார்கள், புண்ணைத் தினம் துப்புரவாக்கினார்கள். கோயிலில் சடங்கு நடக்க நடக்க இங்கே அவருடைய சீனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விரல் எடுக்கும் நாளைத் தீமிதிப்புக்கு மறுநாளாகக் குறித்தார்கள். றொசானி வார்ட் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து முழங்காலுக்கும், நித்திரைக்கென்று கை மணிக்கட்டிலும் ஊசி போட்டாள். பாதத்தை அவள் தொடவில்லை. தீமிதிப்புக்கு முதல்நாள், ஊசிகளோடு படுத்திருந்தபடி அவர் கேட்டார்.

"நாளைக்கு அவளுக்குச் சுடுமா பிள்ளை?"

பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தது அவருக்குத் தெரிந்தது. "சுடும் ஐயா" என்றாள்.

தீமிதிப்பன்று டொக்டரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, பொழுதுபடுவதற்குள் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்து, ஓட்டோவில் கோயிலுக்கு வந்தார். வீதி நிறையச் சனம். குழிக்குள்ளே கட்டைகள் எரிந்து தணலாகி, அதைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். கட்டுப் போட்ட காலைக் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதல் ஆளாய் நின்றவர் பார்வையாளராய் இருப்பது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்த இடத்துக்கே வெக்கை வந்தது. முகம் காய்ந்தது, மார்பு காய்ந்தது. கால் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலைத்தான் அருள் என்று கொண்டாடினோமா என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பறை உரத்தது. தெய்வம் ஏறியவர்கள் ஓடிக் கடந்தார்கள். யசோதினி ஓடவில்லை. கையில் வேப்பிலையோடு, வாயை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். நடுவில் வரும்போது அவளுடைய முகம் கோணியது. வினாயகமூர்த்தி தன்னை மறந்து கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "தாயே, என்ட பிள்ளை" என்று கத்தினார். அது பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் கரையேறி, மஞ்சள் தண்ணீரில் காலை வைத்து, இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தாள். வழக்கம்போலச் சனம் சூழ்ந்தது.

"எப்படிப் புள்ள? பூவில நடந்த மாதிரித்தானே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

யசோதினி தகப்பனைப் பார்த்தாள்.

"சுட்டுது அப்பா" என்றாள். "நல்லாச் சுட்டுது."

பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. விரதத்தில் ஏதோ பிழை என்றார்கள். புருஷன் ஊரில் இல்லாதவள் என்று யாரோ இழுத்தார்கள். வினாயகமூர்த்தி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பிழை அவளில இல்ல" என்றார். "எனக்கும் சுட்டது. இருவது வருசத்துக்கு மேல சுட்டது. நான்தான் வாயைத் திறக்கல்ல. மறுகா சுடாம விட்டது. சூட்டை அம்மன் எடுத்துட்டா எண்டு நானும் நினைச்சன், நீங்களும் நினைச்சீங்க. அம்மன் எடுக்கல்ல. சீனி எடுத்தது. பச்சைப் பிள்ளையளைக் கொண்டுவந்து கிடத்தினீங்களே, அது செத்த கால். உங்களில ஆருக்காச்சும் நெருப்புச் சுடல்ல எண்டா, கோயிலுக்கு வராதீங்க. முதல்ல ஆசுப்பத்திரிக்குப் போங்க."

பூசாரியார் குனிந்த தலையோடு நின்றார். ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லி ஒருவர் ஓடினார். இரண்டு பேரும் போகவேண்டிய இடம் இப்போது ஒன்றுதான்.

அதற்குள் வினாயகமூர்த்தி கதிரையில் உட்கார்ந்து, மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் சிவந்து, இரண்டு இடத்தில் தோல் கிளம்பியிருந்தது. புண்படாத சின்ன விரலை, பட்டும் படாமல், தன் சுட்டுவிரலால் தொட்டார்.

"ஆ! அப்பா, தொடாதீங்க, நோகுது!" யசோதினி காலை வெடுக்கென்று இழுத்தாள்.

அவர் அந்தக் காலை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை சனத்துக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதார். அழுகைக்குள்ளே முகம் மலர்ந்தது.

"நோகுதா மகள்?" என்றார். "நோகட்டும். அம்மன் உன்னை எனக்குக் குறையில்லாமத்தான் தந்திரிக்கா."